அரிவாளும் அடவும்: கரிசல் மண்ணில் தற்காப்பு

2025 மார்ச் 10ஆம் தேதி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 மாணவர் ஒருவரை வழிமறித்து அரிவாளால் வெட்டினார்கள். அவருடைய விரல்கள் துண்டாயின. கைதானவர்களும் சிறுவர்களே. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரமும் அதற்குப் பின்னால் இருந்த சாதிப் பகையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையிலிருந்து அரிவாளை எடுத்து வகுப்புத் தோழனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். ஒரு பென்சிலை முன்னிட்டு எப்போதோ நடந்த சண்டையில் தொடங்கிய பகை அது என்று செய்திகள் கூறின. இவற்றுக்கு முன்னால், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். குறுக்கே விழுந்து மறித்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்கள். பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பும் கரிசல் வீடுகளில் இந்தச் செய்திகளுக்குப் பிறகு இரண்டு யோசனைகள் எழுகின்றன. கையில் எதையாவது வைத்துக்கொள் என்பது ஒன்று. சிலம்பமோ கராத்தேயோ படி என்பது இன்னொன்று. இரண்டும் பயத்திலிருந்தும் பாசத்திலிருந்தும் பிறப்பவைதான். ஆனால் இரண்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்றில்லை. எந்த வழி உயிரைக் காக்கிறது என்பதை வரலாறு, சட்டம், மருத்துவ ஆய்வு ஆகிய மூன்றின் துணையோடு பார்க்க வேண்டும்.

ஆயுதம் குறித்த விவாதத்தை ஓட்டப்பிடாரத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16ஆம் தேதி அதன் பாளையக்காரரான கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்துவிட்டு ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மேன் ஆணை பிறப்பித்தார். துப்பாக்கியும் ஈட்டியும் இல்லாத நாடாகத் தென்பாண்டிச் சீமையை மாற்றிவிடலாம் என்று கிழக்கிந்தியக் கும்பெனி நம்பியது. பதினாறு மாதம்கூட அந்த நம்பிக்கை தாங்கவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சியில் மண்கோட்டை மறுபடி எழுந்தது. மார்ச் 31ஆம் தேதி மேஜர் காலின் மெக்காலேயின் படை அதைத் தாக்கிப் பெரும் இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்த பிறகு, மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையப் பகுதிகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார்.

பிரகடனம் பறித்தது துப்பாக்கிகளை, ஈட்டிகளை, கோட்டைகளை. பழக்கத்தைப் பறிப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கும்பெனிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், பின்னாளில் எழுதிய இராணுவ நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைதடியை வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று பதிவுசெய்திருக்கிறார். வளரி இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. கம்பு பிழைத்துக்கொண்டது. கம்பு உழவனின் கையிலும் ஆட்டுக்காரரின் கையிலும் தொழில் கருவியாக இருந்ததே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். கிடை காவலுக்கும் வரப்பு நடைக்கும் கம்பு வேண்டும். எந்த அரசும் அதைப் பிடுங்கிக்கொண்டு வரி வசூலிக்க முடியாது. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, சிறு வயதில் குதிரையேற்றம், நீச்சல், மல்யுத்தம் இவற்றோடு சிலம்பமும் கற்றவர். கிளைவின் பிரகடனம் வந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இவ்வூரில் ஒரு சிறுவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது.

ஆனால் பழைய காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பாளையக்காரர் காலத்தில் ஊரின் பாதுகாப்பு என்பது காவல் முறை. ஊருக்குள் தலக்காவல், பரந்த நாட்டுக்குத் தேசக்காவல். குடிகள் காவல்கூலி கொடுக்க வேண்டும்; களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். கும்பெனி இந்த அதிகாரத்தைப் பறித்துக்கொண்ட பிறகும் குடிக்காவல் பல ஊர்களில் நீடித்தது. காவல்கூலி தராதவன் வீட்டு மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தபின் அதே மாடு திரும்பி வருவதும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை நடந்தவை. ஆயுதம் தரித்தவனிடம் பாதுகாப்பை ஒப்படைத்த ஊர், ஆயுதம் தரித்தவனுக்கே பயந்து வாழ நேர்ந்தது.

1895இல் கழுகுமலையிலும் 1899 ஜூனில் சிவகாசியிலும் நடந்த கலவரங்கள் பாதுகாப்பு என்ற கேள்வியின் வேறொரு முகம். தாக்குதலுக்கு ஆளான நாடார் சமூகத்தினர் அதன்பின் தங்களைக் காத்துக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கம்பும் கத்தியும் எடுக்காமல் இல்லை. எனினும் அவர்களை நிலைநிறுத்தியவை, வண்டியும் சரக்கும் இரவில் தங்கிய மதில் சூழ்ந்த பேட்டைகளும், மகமை என்ற பொது நிதியும், அதில் எழுந்த பள்ளிக்கூடங்களும், 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கமும்தான். ஒரு சமூகம் பாதுகாப்பு பெற்ற கதையில் ஆயுதத்தின் பங்கு எவ்வளவு சிறியது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் சான்று இது.

கரிசலில் அரிவாள் இல்லாத வீடு கிடையாது. பருத்திமார் வெட்டவும், வேலிக்கருவை கழிக்கவும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், பனையில் பாளை சீவவும் அதுவே கருவி. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு எடை. இந்தக் கருவிக் குடும்பத்தில் வீச்சரிவாள் தனியாக நிற்கிறது. நீளமும் பின்கனமும் சேர்ந்து ஓங்கி வீசுவதற்கென்றே அடிக்கப்படுவது அது. காட்டு வேலைக்கு அதை எடுத்துப் போகிறவர் அரிது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுவதும் நடத்திய தேடுதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன. நாட்டுத் துப்பாக்கிகள் அவற்றில் ஒற்றை இலக்கம்; மிச்சமெல்லாம் கத்தியும் அரிவாளும். வாங்குகிறவரின் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்பதை எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் காவல்துறை அப்போது கேட்டுக்கொண்டது. பல தலைமுறையாகக் கலப்பைக் கொழுவும் களைக்கொட்டும் அடித்துக் கொடுத்த கொல்லருக்கு இது மனவேதனை தரும் கட்டளை. ஆனாலும் தேவையான கட்டளை.

கருவிக்கும் ஆயுதத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் தெளிவாக அறிந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், கூர்முனை கொண்ட கொடிய கருவிகளையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே உருவானவற்றை விலக்குகிறது. அந்த விலக்குக்கு எடுத்துக்காட்டாகச் சட்டமே குறிப்பிடும் பொருள்கள் இரண்டு: தடியும் கைத்தடியும். ஆயுத விதிகளின் அட்டவணையில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி வகைகள் தனிப் பிரிவாக வருகின்றன. அங்கும் வேளாண் கருவிக்கு விலக்கு உண்டு. ஆக, பருத்திமார் வெட்டப் போகிறவர் தோளில் தொங்கும் அரிவாள் கருவி. அதே அரிவாள் கல்லூரிப் பையிலோ பைக்கின் சீட்டுக்கு அடியிலோ இருந்தால், அதை வைத்திருந்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பாதுகாப்புக்காகத்தான் வைத்திருந்தேன் என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் போகும்? கைகலப்பில் வெறுங்கையால் அடித்துக் காயப்படுத்தினால் ஒரு பிரிவு; ஆயுதத்தால் காயப்படுத்தினால் அதைவிடக் கனமான பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 323க்கும் 324க்கும் இருந்த இடைவெளி, ஓராண்டுத் தண்டனைக்கும் மூன்றாண்டுத் தண்டனைக்கும் உள்ள இடைவெளி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த வரிசையை மாற்றவில்லை. சட்டவிரோதக் கூட்டமாகச் சேர்ந்து நிற்கையில் ஒருவர் கையில் கொடிய ஆயுதம் இருந்தால் அவருக்கு இன்னும் கூடுதல் தண்டனை. சண்டையை ஆரம்பித்தவர் எதிராளியாகவே இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே அரிவாளோடு வந்தவரைப் பார்த்து, இவர் சண்டையை எதிர்பார்த்தே வந்தார் என்று அரசுத் தரப்பு வாதிட வழி பிறந்துவிடுகிறது. இடுப்பில் செருகிய இரும்பு, தற்காத்துக்கொண்டவரையும் குற்றம் சாட்டப்பட்டவராக்கிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறாக, தற்காத்துக்கொள்ளும் உரிமையை நம் சட்டம் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. இதில் ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் அறிய வேண்டிய ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கித் தோற்ற காலின் மெக்காலேயின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் சக்கரி மெக்காலே. அவருடைய மகன்தான் 1837இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைத் தந்த தாமஸ் பாபிங்டன் மெக்காலே. சித்தப்பன் பெரியப்பன் காலத்துப் படைகள் நிராயுதபாணியாக்கிய நாட்டுக்கு மகன் சட்டம் எழுதினார். கொள்ளைக் கூட்டங்களுக்கு மக்கள் இவ்வளவு பணிந்து போகக் கூடாது, எதிர்த்து நிற்கும் துணிவு அவர்களுக்கு வளர வேண்டும், ஆகவே தற்காப்புரிமைக்கு அதிகத் தடைகள் போட விரும்பவில்லை என்று வரைவோடு இணைத்த குறிப்பில் அவரது ஆணையம் எழுதியது. அந்த வரைவு 1860இல் சட்டமாகி, 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு இடம்பெற்றது. இன்று அவை புதிய சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். ஆயுதத்துக்கு உரிமம் கேட்ட ஆட்சி, உடலைக் காக்க உரிமம் எதுவும் கேட்கவில்லை.

இந்த உரிமையின் எல்லை மூன்று விஷயங்களில் அடங்கும். ஆபத்து கண் முன்னே இருக்க வேண்டும். காவல்துறையை அணுக அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஆனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய தாக்குதல், வல்லுறவு முயற்சி, கடத்தல், அமில வீச்சு போன்றவற்றில் தாக்கியவர் இறந்தே போனாலும் அது குற்றமாகாது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையின் கூறுகளைத் தொகுத்துச் சொன்னது. நியாயமான அச்சமே போதும், உயிர்ப் பயத்தில் இருப்பவர் தன் பதிலடியைத் துல்லியமாக அளந்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் இந்த உரிமை உயிர்பெற்ற இரண்டு நிகழ்வுகள் என் வாதத்துக்கு அச்சாணி. 2012இல் மதுரையில் ஒரு தாய், மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவரைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவர் இறந்துபோனார். மாவட்டக் காவல்துறை தற்காப்புப் பிரிவைச் சுட்டி அந்தத் தாயை விடுவித்தது. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் 19 வயதுப் பெண்ணை ஒருவர் கத்தியைக் காட்டி மிரட்டி வல்லுறவுக்கு முயன்றார். அவரைத் தள்ளி, அவர் கத்தியையே பறித்து அந்தப் பெண் திருப்பித் தாக்கினார், வந்தவர் இறந்தார். பெண் தானாகவே காவல் நிலையம் போய்ச் சொன்னார். தற்காப்பு என்று ஏற்று அவரையும் விடுவித்தார்கள். இரண்டு பெண்களுமே முன்கூட்டி ஆயுதம் தேடி வைத்தவர்கள் இல்லை. ஒருவருக்கு வீட்டில் கிடந்த மட்டை உதவியது, இன்னொருவருக்கு எதிராளி கொண்டுவந்த கத்தி. உறைந்துபோகாத மனமும் அந்த நொடியில் அசைந்த கையும்தான் அவர்களிடம் இருந்தவை.

ஆயுதத்தின் பக்கம் நிற்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பலமற்றவருக்கு ஆயுதம் சமநிலை தருகிறது என்கிறார்கள். 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற சிறிய ரிவால்வரை அறிமுகப்படுத்தியது இந்த எண்ணத்தில்தான். எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கும் பெண்ணுக்கும் அதனால் என்ன பயன் என்று எண்ணிப் பாருங்கள். பணம் இருந்தாலும் வயது 21 ஆகியிருக்க வேண்டும், உரிமம் வேண்டும், 2016 விதிகளின்படி துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். ஆயுதம் வாங்குவதற்கே சட்டம் பயிற்சியைத்தான் முன்நிபந்தனையாக வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்த விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. துப்பாக்கியால் எதிர்த்தவர்களுக்குக் காயம் குறைவு என்று கேரி கிளெக் போன்றோர் குற்றக் கணக்கெடுப்புத் தரவுகளிலிருந்து வாதிட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பிரானஸ் குழு, பிலடெல்பியாவில் தாக்குதலில் சுடப்பட்ட 677 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுடப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4.46 மடங்கு. ஆபத்தில் வாழ்பவர்தானே துப்பாக்கி வைத்துக்கொள்வார், அதனால் இந்தக் கணக்கு கூடியிருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஆயுதம் அவர்களைக் காப்பாற்றிவிட்டது என்று காட்ட அந்தத் தரவில் எதுவும் இல்லை.

நம் ஊர் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது தூரக் கணக்கு. சால்ட் லேக் சிட்டி காவலர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரை காவல் பயிற்சியையே மாற்றியது. கத்தியோடு ஓடிவருபவர் 21 அடி தூரத்தைக் கடக்க சுமார் ஒன்றரை விநாடிதான் ஆகிறது. இடுப்பு உறையில் துப்பாக்கி இருக்கும், தினமும் பழகிய காவலருக்கே அதை உருவிக் குறிபார்த்துச் சுட ஏறக்குறைய அந்த நேரம் முழுவதும் வேண்டும். அப்படியிருக்க, பையின் அடியில் துணி சுற்றி வைத்த அரிவாளையும் கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும் மிளகுத் தெளிப்பானையும் எடுக்க ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ எவ்வளவு நேரமாகும்? சிலம்பத்தில் மாணவன் கம்பைத் தொடுவதற்கு முன் வாத்தியார் மாதக்கணக்கில் காலடி போட வைப்பதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. ஒன்றரை விநாடியில் கைக்கு வேலையில்லை. கால்தான் உடம்பைக் கோட்டிலிருந்து விலக்க வேண்டும். மிளகுத் தெளிப்பானைக் குறை சொல்வதற்கில்லை, அதுவும் உயிர் காத்த தருணங்கள் இருக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆபத்து இல்லாதபோது பயன்படுத்தினால் அதுவே அபாயகரமான ஆயுதம் என்று 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

பயிற்சிக்கு ஆதரவாக இருக்கும் சான்றுகளில் மிக உறுதியானது கனடாவிலிருந்து வருகிறது. சார்லீன் சென் தலைமையிலான குழு மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவியரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி தந்தது. மற்றப் பிரிவுக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓராண்டுக்குப் பின் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த முடிவு இது. பன்னிரண்டு மணி நேரத்தில் யாரும் குத்துச்சண்டை வீராங்கனை ஆகிவிட முடியாது. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி உடல் சார்ந்தது இல்லை என்பதே முக்கியம். நண்பன், உறவினன், உடன் படிப்பவன் ஆகியோரிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டி அறிவது, சங்கடத்தையும் மரியாதையையும் மீறி வேண்டாம் என்று உரக்கச் சொல்வது, அதன்பின்தான் கைகால் அடி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் வல்லுறவு வழக்குகளைப் பாருங்கள்: பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். தெரிந்தவர் நடுவீட்டில் வந்து உட்காரும்போது எந்தப் பெண் கையில் கத்தியோடு இருப்பாள்?

சிலம்பத்துக்கு வருகிறேன். கம்பு நெற்றி உயரம். அதன் வீச்சு எந்த அரிவாளின் வீச்சையும்விட நீளம். சுற்றும் வட்டத்துக்குள் ஒருவர் நுழைவது சிரமம். கம்பு இல்லாதபோது குத்துவரிசையும் பிடிவரிசையும் கைகொடுக்கும். ஆனால் இன்று கோயில் கொடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அலங்காரச் சிலம்பம். இரட்டைக் கம்பும் தீப்பந்தமும் கண்ணுக்கு விருந்து. எதிரில் ஆள் நிற்காத பயிற்சி தற்காப்பு ஆகாது. தொடுமுறைப் போட்டியில் எதிராளி உண்டு, அது ஒரு படி மேல். அதற்கும் மேலே, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நெருங்கினால் எப்படி விலகுவது, கையைப் பிடித்தால் எப்படி உருவுவது, பேருந்தின் இருக்கைக்குள் அகப்பட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் சொல்லித் தரும் ஆசான்கள் வேண்டும். அத்தகையவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் ஒதுக்கீடும் பதக்கமும் சிலம்பத்தைப் போட்டியின் பக்கம் இழுக்கின்றன. தற்காப்பு பின்னால் போகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 6 முதல் 12ஆம் வகுப்புவரை மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி தரப் பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு நிதி உண்டு. மூன்று மாதத்தோடு பயிற்றுநர் போய்விடுகிறார். உடம்பின் நினைவு அப்படி நிற்காது. வாரம் ஒரு நாளாவது ஆண்டு முழுவதும் தொடர்ந்தால்தான் பயன். இன்னொரு குறை: இதில் பையன்கள் இல்லை. அரிவாளைப் பையில் வைப்பவர்கள் பையன்கள். அவர்களைப் பயிற்சித் திடலுக்கு அழைக்காத திட்டம் பாதி வேலையைத்தான் செய்யும்.

கற்ற வித்தை எல்லா ஆபத்தையும் தடுத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஐந்து அரிவாள் சூழ்ந்தால் எந்த ஆசானும் ஓடத்தான் சொல்வார். ஓடுவதும் வித்தையின் ஒரு பகுதி. ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நொறுக்கினார்கள். காக்க வேண்டியவர்களே தாக்க வந்த அன்று எந்தக் கம்பும் உதவவில்லை. தனிமனிதத் தற்காப்பின் எல்லை அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் அரசும் சட்டமும் நீதியும் பொறுப்பேற்க வேண்டும். சாதி வன்முறையைச் சிலம்பத்தால் தீர்த்துவிடலாம் என்று பேசுவது பாதிக்கப்பட்டவர் மீதே பாரத்தைச் சுமத்துவது.

சிலம்பமும் சாதிக்கு வெளியே நின்றதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் ஆசான், அடுத்த தெருப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்பது நெடுநாள் நடந்த கதை. எதிர்த் தெருவை அடிக்கக் கற்ற வித்தை தற்காப்பு ஆகாது. அது மறைத்து வைத்த இன்னோர் ஆயுதம். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், எல்லாச் சாதி மாணவர்களையும் சேர்த்துச் சீருடையோடும் பயிற்சியோடும் ஒரு சமூக நீதி மாணவர் படையை உருவாக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் படைக்குக் கம்பு கொடுங்கள் என்பது என் கூடுதல் கோரிக்கை. சிலம்பத்தில் இருவர் எதிரெதிர் நிற்கும்போது ஒருவர் அடியை மற்றவர் தாங்க வேண்டும்; கூட்டாளியின் மண்டை உடையாமல் கம்பை நிறுத்தும் பொறுப்பு இருவருக்கும் உண்டு. வேறு வேறு தெருக்களிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் இதை ஓராண்டு பழகினால், அவர்களுக்கிடையே பைக்குள் அரிவாள் வருவதற்கான காரணமே குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கையில் எதையும் கொடுத்து அனுப்பாதீர்கள். பையை நீங்களே பாருங்கள். மகளை மட்டுமல்ல, மகனையும் திடலுக்கு அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் ஊரில் உள்ள கம்பு வாத்தியாரை அழைத்து மாலை வகுப்பைத் தொடருங்கள். ஊராட்சி நிதியிலிருந்து அவருக்கு மதிப்பான ஊதியம் கொடுங்கள். ஆசான்மார்களே, உங்கள் திடலை எல்லாத் தெருவுக்கும் திறந்து விடுங்கள். தீப்பந்தத்துக்கு முன்னால் காலடியையும், காலடிக்கு முன்னால் சத்தமாகக் கூப்பிடுவதையும் கற்றுக்கொடுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. முதல் நாள் வகுப்பிலேயே இந்த மூன்று எண்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.